முழு அளவுப் பழைய பாணிப் பிஸ்டலைத் தேர்ந்தெடுப்பது: வேலூர் வட்டார உரிமதாரர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

வேலூர், காட்பாடி, குடியாத்தம், ஆற்காடு வட்டாரங்களில் படையிலிருந்து ஓய்வுபெற்றவர்கள் மிகுதி. தலைமுறை தலைமுறையாகப் பட்டாளத்துக்கு ஆள் அனுப்பிய கம்மவான்பேட்டை போன்ற ஊர்களும் இங்கே உண்டு. ஆயுத உரிமம் வைத்திருப்பவர்களும் அதற்கு விண்ணப்பிக்க எண்ணுபவர்களும் பெரும்பாலும் ஒரே ஐயங்களையே எழுப்புவதால், அவற்றைக் கேட்டவர்களின் சொற்களிலேயே எழுதி விடைகளைத் தொகுத்திருக்கிறேன். உரிமம் பெறும் நடைமுறை முழுவதும் இங்கே இல்லை. பிஸ்டலைத் தேர்வு செய்ய அதில் எவ்வளவு தெரிந்திருக்க வேண்டுமோ அவ்வளவே உண்டு.

செமி ஆட்டோமேட்டிக்னா விசையைப் பிடிச்சிருந்தா சுட்டுக்கிட்டே இருக்குமா?

இருக்காது. விசையை ஒருமுறை இழுத்தால் ஒரு தோட்டாதான் வெடிக்கும். அந்த வெடிப்பின் உந்துதலால் ஸ்லைடு (குழலின் மேல் முன்னும் பின்னும் நகரும் உலோகப் பகுதி) பின்னே சென்று வெற்றுக்கூட்டை வெளியே எறிந்து, சுத்தியலை ஏற்றிவிட்டு, முன்னே திரும்பும்போது மேகசினிலிருந்து (தோட்டாக்களை அடுக்கிச் செருகும் பெட்டி) அடுத்த தோட்டாவைக் குழலின் பின்முனையில் உள்ள அறைக்குள் தள்ளும். விசையை விட்டு மறுபடி இழுத்தால்தான் அடுத்த தோட்டா வெடிக்கும். விசையைப் பிடித்திருக்கும் வரை தொடர்ந்து சுடும் ஆயுதங்கள் தனியாருக்கு இல்லை.

முழு அளவுன்னு எதை வச்சு சொல்றீங்க?

குழல் ஏறத்தாழ நாலரை முதல் ஐந்து அங்குலம், பிடியில் எல்லா விரல்களும் அடங்கும் உயரம், எஃகுச் சட்டகமானால் ஒரு கிலோவை ஒட்டிய எடை ஆகியவை இருந்தால் அதை முழு அளவு என்று கொள்ளலாம். கோல்ட் 1911-இன் குழல் 127 மி.மீ.; தோட்டா இல்லாமலே எடை ஏறக்குறைய 1.1 கிலோ. முன்குறிக்கும் பின்குறிக்கும் இடையே தூரம் கூடக்கூடக் குறிபார்ப்பதில் நேரும் சிறு பிழைகள் கண்ணுக்குத் தெரிகின்றன. எடை கூடினால் பின்னுதைப்பும் தணிகிறது. சட்டைக்குள் மறைத்து எடுத்துச் செல்ல நினைப்பவருக்கு இந்த இரண்டு நன்மைகளும் சுமையாகவே தெரியும். அவர் சிறிய பிஸ்டலைப் பார்ப்பது நல்லது.

நல்லா செஞ்ச பழைய பிஸ்டல்னு உலகத்துல எதையெல்லாம் சொல்றாங்க?

முதலில் வருவது ஜான் மோசஸ் பிரௌனிங் வடிவமைத்த கோல்ட் 1911. அமெரிக்கப் படை 1911-இல் ஏற்றுக்கொண்ட இந்த .45 பிஸ்டல், 1985-இல் பெரெட்டா தேர்வாகும் வரை அங்கே அதிகாரபூர்வப் பிஸ்டலாக இருந்தது. சுட்டதும் குழல் சற்றுக் கீழே சாய்ந்து ஸ்லைடிலிருந்து பூட்டு விடுபடும் முறையை அது நிலைநாட்டியது. இன்றைய பிஸ்டல்களில் பெரும்பாலானவை அந்த முறையின் வழிவந்தவையே. பிரௌனிங் 1926-இல் மறைந்த பின், அவர் தொடங்கிய மற்றொரு வடிவத்தை பெல்ஜியத்தின் எஃப்.என். நிறுவனத்தில் தியுதொனே சைவ் முடித்துக் கொடுத்தார். அதுதான் 1935-இல் வந்த, 13 தோட்டா கொள்ளும் 9 மி.மீ. ஹை பவர். பிடி கைக்கு அருமையாகப் பொருந்தும். ஆனால் மேகசின் இல்லாவிட்டால் சுட விடாத பாதுகாப்பு அமைப்பு விசையோடு இணைந்திருப்பதால், விசை இழுக்கும்போது சற்றுக் கரகரக்கும்.

சுவிட்சர்லாந்துப் படை 1949-இல் ஏற்ற சிக் பி210, செக்கோஸ்லோவாக்கியாவில் 1975-இல் உருவான சிசெட் 75 ஆகிய இரண்டிலும் ஸ்லைடு சட்டகத்தின் வெளியே அல்லாமல் உள்ளே ஓடுகிறது. ஸ்லைடுக்கு நீளமான தாங்கல் கிடைப்பதால் அசைவு குறைவு. அதே காரணத்தால் கையால் பற்றி இழுக்க ஸ்லைடில் கிடைக்கும் இடமும் குறைவு. இயந்திர வேலையின் நேர்த்தியை மட்டும் பார்த்தால் பி210-க்கு மேல் ஒன்றை நான் வைக்க மாட்டேன். பெரெட்டா 92 குழலைச் சாய்க்காமல், ஜெர்மானிய வால்தர் பி38-இன் வழியில் தனியொரு பூட்டுக்கட்டையைப் பயன்படுத்துகிறது. மேலே திறந்த ஸ்லைடு ஆதலால் வெற்றுக்கூடு சிக்குவது அரிது.

நான் பட்டாளத்துல 9 எம்.எம். சுட்டவன். அதையே வெளியில வாங்க முடியாதா?

முடியாது. நம் படையில் இருந்த 9 மி.மீ. 1ஏ பிஸ்டல், மேலே சொன்ன ஹை பவரை ஒட்டி ஈஷாப்பூர் ரைபிள் தொழிற்சாலை செய்தது; அதன் மீது பழைய வீரர்களுக்கு இருக்கும் பற்று புரிகிறது. ஆனால் 2016-ஆம் ஆண்டு ஆயுத விதிகளின்படி, படைச் சேவையில் உள்ள 9 மி.மீ. தோட்டாவையோ விளிம்பற்ற .45 தோட்டாவையோ ஏற்கும் எந்தப் பிஸ்டலும் தடைசெய்யப்பட்ட போர் (bore, அதாவது குழல் துளையின் அளவு) வகையைச் சேர்ந்தது. அதற்கு ஆட்சியர் உரிமம் தர முடியாது; அது ஒன்றிய உள்துறை அமைச்சகத்தின் அதிகாரம். உயிருக்குக் கடுமையான அச்சுறுத்தல் உள்ளவர்கள் போன்ற மிகச் சிலருக்கே அந்த உரிமம் கிடைக்கிறது.

ஆகையால் மேலே வியந்து பேசிய ஐந்தும் பெரும்பாலான வாசகர்களுக்கு அளவுகோல் மட்டுமே. எந்தத் தரத்தைத் தேட வேண்டும் என்று அவற்றைப் பார்த்துக் கற்றுக்கொண்டு, அந்தத் தரம் அனுமதிக்கப்பட்ட போரில் எங்கே கிடைக்கிறது என்று தேட வேண்டும். முதலில் போர், அடுத்து கையில் இருக்கும் அந்த ஒரு பிஸ்டலின் நிலை, அதன் பிறகே நிறுவனத்தின் பெயர். பலர் இந்த வரிசையைத் தலைகீழாக்கிவிட்டு மாதக்கணக்கில் அலைகிறார்கள்.

அப்ப எந்த போர் வாங்கலாம்?

நடைமுறையில் .32 தான். .22, .25 ஆகியவையும் தடையில்லாதவை, பழைய ஜெர்மானிய மவுசர் பிஸ்டலின் .30 போரும் அப்படியே. .22 பயிற்சிக்கும் போட்டிக்கும் சிறந்தது. .25 பிஸ்டல்கள் உள்ளங்கையில் அடங்குபவை என்பதால் நம் பேச்சுக்குள் வராதவை. .32 பிஸ்டல் தோட்டா பிரௌனிங் 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் உருவாக்கியது. அதன் உந்துதல் மிதமானது என்பதால் பிஸ்டலுக்குப் பூட்டும் அமைப்பே தேவைப்படுவதில்லை. ஸ்லைடின் எடையும் சுருள்வில்லின் வலிமையுமே போதும். எனவே .32-இல் ஒரு கிலோ எடையுள்ள பிஸ்டலை யாரும் பெரிதாகச் செய்யவில்லை. இந்தப் போரில் முழு அளவு என்றால் கை நிறையப் பிடிக்கக்கூடியது, குழல் நான்கு அங்குலத்துக்குக் குறையாதது என்று சற்றுத் தளர்த்தித்தான் பேச முடியும்.

வீட்டுல .32 ரிவால்வர் தோட்டா இருக்கு. பிஸ்டலுக்கும் அதே .32 தானே?

இல்லை. ரிவால்வருக்கான .32 நீளத் தோட்டாவின் அடியில் அகன்ற விளிம்பு இருக்கும்; பிஸ்டல் தோட்டா குட்டையானது, அதன் விளிம்பு மிகக் குறுகியது. ஒன்று மற்றொன்றின் அறைக்குள் ஓரளவு நுழைகிறது என்பதற்காகப் பயன்படுத்தக் கூடாது. தோட்டா வாங்கும்போது உங்கள் ஆயுதம் எது என்பதைக் கடைக்காரரிடம் சொல்லி, பெட்டியில் அச்சிட்டிருப்பதையும் படித்துப் பாருங்கள்.

பிஸ்டல் தோட்டாவின் குறுகிய விளிம்பிலும் ஒரு தொல்லை உண்டு. மேகசினில் மேலுள்ள தோட்டாவின் விளிம்பு கீழுள்ளதன் விளிம்புக்குப் பின்னால் சிக்கிக்கொண்டால் இரண்டும் பூட்டிக்கொள்ளும். பிஸ்டல் நடுவில் நின்றுவிடும். மேலே இருப்பது எப்போதும் கீழே இருப்பதற்கு முன்னால் அமையும்படி நிரப்ப வேண்டும்.

நம்ம நாட்டு அசனி வாங்கறதா, பழைய ஃபாரின் பிஸ்டலா?

1980-களின் நடுப்பகுதியிலிருந்து சாதாரண உரிமதாரர் வெளிநாட்டுத் துப்பாக்கியை இறக்குமதி செய்யும் வழி அடைபட்டுப்போனது. விற்பனைக்கு வரும் வெளிநாட்டுப் பிஸ்டல்கள் அதற்கு முன்பே உள்ளே வந்து, ஒரு உரிமதாரரிடமிருந்து இன்னொருவருக்குக் கைமாறிக்கொண்டிருப்பவை. ஐரோப்பாவில் பழைய பொருளாகக் குறைந்த விலைக்குப் போகும் பிஸ்டல் இங்கே பல மடங்கு விலை பெறுவதற்கு இந்தத் தட்டுப்பாடே காரணம். தரம் அவ்வளவு உயர்ந்தது என்று அதற்குப் பொருளில்லை.

அசனி, அரசு ஆயுதத் தொழிற்சாலைகளின் .32 பிஸ்டல். அந்தத் தொழிற்சாலைகள் 2021 அக்டோபரில் ஏழு அரசு நிறுவனங்களாகப் பிரிக்கப்பட்டபோது சிறு ஆயுதங்கள் கான்பூரைத் தலைமையிடமாகக் கொண்ட நிறுவனத்திடம் சென்றன. மேற்பரப்பு வேலை பழைய பெல்ஜியப் பிஸ்டலின் அருகில் வராது, விசையும் கடினம். ஆனால் அது புதியது, ரசீதோடு வருகிறது, மேகசினும் சுருள்வில்லும் கேட்டால் கிடைக்கும். ஆண்டுக்குச் சில முறையாவது பயிற்சிக் களத்தில் சுடப்போகிறவர் அசனியை வாங்கலாம். வேலைப்பாட்டை நேசித்து, உதிரிப்பாகத்துக்காகக் காத்திருக்கும் பொறுமையும் உள்ளவர் பழைய பிஸ்டலைத் தேடலாம். இரண்டுக்கும் நடுவே தயங்குகிறவருக்கு நான் சொல்வது அசனிதான்.

பழைய .32-ல எதைத் தேடணும், எதைத் தள்ளணும்?

முதலில் தேட வேண்டியது எஃப்.என். 1922. ராணுவம், காவல்துறைகளுக்காக, முந்தைய 1910 மாதிரியை நீட்டிச் செய்தது. மொத்த நீளம் 178 மி.மீ., குழல் 114 மி.மீ., தோட்டா 9. இந்தப் போரில் முழு அளவை நெருங்குவது இதுவே. வெளியே சுத்தியல் இல்லாததால், ஏற்றிய நிலையில் இருக்கிறதா என்பது பார்த்தவுடன் தெரியாது; அந்தக் குறையை மனத்தில் கொள்ள வேண்டும். 1929-இல் வந்த வால்தர் பிபி, சுத்தியல் இறங்கிய நிலையிலிருந்தே விசையை நீளமாக இழுத்துச் சுடும் வசதியைப் பரவலாக்கியது. அதன் முதல் இழுப்பு கனமானது, அடுத்தடுத்தவை இலேசானவை. இந்த மாற்றத்துக்குக் கை பழக வேண்டும். கோல்ட் 1903 சற்றுச் சிறியது. மெருகுக்காகவே அதை வாங்கியவர்கள் உண்டு. 1976-ஐ ஒட்டி வந்த பெரெட்டா 81, 12 தோட்டா கொள்ளும், பிடியும் கனமாக இருக்கும். இங்கே காண்பது அரிது.

தள்ள வேண்டியவை, முதல் உலகப் போர்க் காலத்தில் ஸ்பெயினின் எய்பார் நகரத்துப் பட்டறைகள் பலவும் பிரெஞ்சுப் படைக்காக அவசரமாகச் செய்து தள்ளிய ரூபி வகை பிஸ்டல்கள். ஒரு பட்டறையின் மேகசின் இன்னொன்றின் பிஸ்டலில் சரியாக அமராது. வெளித்தோற்றத்தில் பிரௌனிங் போலவே இருப்பதால் அந்தப் பெயரைச் சொல்லியே விற்கப் பார்ப்பார்கள். ஸ்லைடில் செதுக்கியிருப்பதைப் பூதக்கண்ணாடி வைத்துப் படியுங்கள்.

எங்க தாத்தா காலத்து மவுசர் இருக்கு. டோக்கரேவ் தோட்டா அளவு சரியா இருக்கே, போடலாமா?

போடக் கூடாது. மவுசர் சி96-இன் 7.63 மி.மீ. தோட்டாவும் ரஷ்ய 7.62 மி.மீ. டோக்கரேவ் தோட்டாவும் அளவில் ஏறக்குறைய ஒன்றுதான், அழுத்தம் ஒன்றல்ல. நூறாண்டு கண்ட பூட்டின் மீது கூடுதல் அழுத்தத்தை ஏற்றுவது முகத்துக்கு நேரே ஆபத்தை வைத்துக்கொள்வது. மவுசர் முழு அளவுக்கு முழுப் பொருத்தம் உள்ள பிஸ்டல்தான், ஆனால் சுடுவதற்காக அதை வாங்கும்படி நான் யாருக்கும் சொல்வதில்லை.

பழைய பிஸ்டலைக் கையில வாங்கினா என்னென்ன பார்க்கணும்?

முதலில் குழலைப் பாதுகாப்பான பக்கம் திருப்பி, மேகசினைக் கழற்றி, ஸ்லைடை இழுத்து, அறை காலி என்பதைக் கண்ணாலும் விரலாலும் உறுதிசெய்யுங்கள். விற்பவர் எதிரிலேயே செய்திருந்தாலும் நீங்களும் செய்ய வேண்டும். பிறகு அவர் அனுமதியோடு பிரித்து, குழலை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பாருங்கள். வரிப்பள்ளங்களின் ஓரம் கூர்மையாகத் தெரிய வேண்டும். பழைய தோட்டாக்களின் பற்றவைப்பு உப்பு அரித்ததால் ஆங்காங்கே சிறு குழிகள் இருந்தால் விலையைக் குறைத்துக் கேட்கலாம். ஆனால் குழலுக்குள் வளையம் போல ஒரு கருநிழல் தெரிந்தால், அடைப்போடு சுட்டதால் குழல் அங்கே உப்பியிருக்கிறது என்று பொருள். அதை இலவசமாகத் தந்தாலும் வாங்காதீர்கள்.

அடுத்து எண்கள். சட்டகத்தின் எண்ணும், உரிமத்தில் எழுதியிருக்கும் எண்ணும் ஓர் எழுத்துக்கூட மாறக் கூடாது. ஸ்லைடிலும் குழலிலும் எண் பொறித்த மாதிரியானால் அவையும் ஒத்திருந்தால் நல்லது. எண்ணைச் சுற்றி உலோகம் தேய்ந்தோ பள்ளமாகவோ இருந்தால் பேச்சை அங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள். மேகசினின் மேல் உதடுகள் வளைந்திருக்கின்றனவா, வெடிப்பு விட்டிருக்கின்றனவா என்று பாருங்கள். பிஸ்டல் சிக்குவதில் பெரும்பங்கு மேகசினுடையது. மாற்று மேகசின் கிடைப்பதோ அரிது.

கடைசியாகப் பாதுகாப்புக் கொண்டி. காலியான பிஸ்டலில் சுத்தியலை ஏற்றி, கொண்டியைப் போட்டு, விசையை நன்றாக இழுத்துவிட்டு, பின் கொண்டியை எடுங்கள். அப்போது சுத்தியல் தானாக விழுந்தால் உட்பாகம் தேய்ந்திருக்கிறது. ஸ்லைடை இழுத்து விடும்போது சுத்தியல் ஏறி நிற்காமல் கூடவே இறங்கினாலும் அப்படியே. இவை தேர்ந்த கைவினைஞர் சரிசெய்யக்கூடியவைதாம். சரிசெய்து முடியும் வரை அந்தப் பிஸ்டலில் தோட்டா நிரப்பக் கூடாது.

ஆட்டினா கடகடன்னு சத்தம் வருது. அப்ப தேஞ்சு போச்சுன்னுதானே அர்த்தம்?

எப்போதும் அப்படியல்ல. படைக்காகச் செய்த 1911 போன்றவற்றில் மண்ணும் சேறும் புகுந்தாலும் ஓட வேண்டும் என்பதற்காக ஸ்லைடுக்கும் சட்டகத்துக்கும் இடையே கொஞ்சம் இடைவெளி இருக்கும். குறி பிசகாமல் இருப்பதற்கு முக்கியம், ஸ்லைடு மூடிய நிலையில் குழல் ஒவ்வொரு முறையும் அதே இடத்தில் வந்து அமர்வதே. மூடிய ஸ்லைடின் மேலே தெரியும் குழலின் பின்பகுதியைக் கட்டைவிரலால் அழுத்துங்கள். அது கீழே இறங்கினால் கவலைப்பட வேண்டும்.

.32 பிஸ்டல்களில் குழல் சட்டகத்தோடு அசையாமல் நிற்பதால் இந்தச் சோதனை வேறாகும். குழலையே பிடித்து அசைத்துப் பாருங்கள். அது அசையாமல், ஸ்லைடு மட்டும் சற்று ஆடினால் பொருட்படுத்த வேண்டாம்.

புதுசு மாதிரி பளபளன்னு கறுப்பா இருக்கு. அதுதானே நல்லது?

எழுபது வயதுப் பிஸ்டல் புதிதாக மின்னினால் மறுமுலாம் செய்திருக்கிறார்கள் என்று கொள்ளலாம். அதற்கு முன் மேற்பரப்பைத் தேய்த்திருப்பார்கள்: விளிம்புகள் மழுங்கியிருக்கும், எழுத்துகள் ஆழம் இழந்திருக்கும், திருகாணித் துளைகளின் ஓரம் கிண்ணம் போலக் குழிந்திருக்கும். துருவின் குழிகளை மறைக்கவே பெரும்பாலும் இதைச் செய்கிறார்கள். பிடிபடும் இடங்களில் மட்டும் நிறம் மங்கி, எழுத்துகள் தெளிவாக நிற்கும் பிஸ்டலே என் தேர்வு.

என் கை சின்னது. பெரிய பிஸ்டல் சரிப்படுமா?

பிடியை இறுகப் பற்றிய நிலையில் ஆட்காட்டி விரலின் முதல் கணு விசையில் படிய வேண்டும். விரல் நுனிதான் எட்டுகிறது என்றால் ஒவ்வொரு முறையும் குழல் பக்கவாட்டில் இழுபடும். எஃப்.என். 1922-இன் மேகசின் ஒற்றை வரிசை என்பதால் பிடி ஒல்லியானது. சிறிய கைகளுக்கு ஒத்துவரும். வால்தர் பிபியின் முதல் நீண்ட இழுப்புதான் சிறிய கைக்குச் சோதனை.

ஆம்பூர்ல அருமையா தோல் உறை தைச்சு வச்சிருக்கேன். அதுலயே போட்டு பீரோவுல வைக்கலாமா?

வெளியே எடுத்துச் செல்லும்போது உறையில் இருக்கட்டும், வைத்திருக்கும்போது வேண்டாம். ஆம்பூர், வாணியம்பாடி, பேர்ணாம்பட்டு, ராணிப்பேட்டை என்று தோல் பதனிடும் ஊர்கள் சூழ வாழும் நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை: பதனிட்ட தோலில் உப்பும் அமிலமும் தங்கியிருக்கும், காற்றின் ஈரத்தையும் அது இழுக்கும். ஐப்பசி, கார்த்திகை மழையில் உறைக்குள் கிடந்த எஃகு சில வாரங்களிலேயே புள்ளி புள்ளியாகத் துருப்பிடிக்கும்.

மெல்லிய எண்ணெய்ப் பூச்சோடு, பருத்தித் துணியில் சுற்றி, ஈரம் உறிஞ்சும் சிலிக்கா பொட்டலம் போட்டு, பூட்டிய பெட்டியில் வையுங்கள். நம்மூர்க் கத்திரி வெயிலில் எண்ணெய் வழிந்து இறங்கிவிடும் என்பதால் கோடையில் இடையிடையே எடுத்துத் துடைத்துப் பூச வேண்டும். தோட்டாவைத் தனியே பூட்டி வையுங்கள்.

அறையில தோட்டாவோட, சேஃப்டி போட்டு இடுப்புல வச்சுக்கலாமா?

பழைய பிஸ்டல்களில் வேண்டவே வேண்டாம். இக்கால மாதிரிகளில் விசையை இழுக்காத வரை, தோட்டாவை வெடிக்கவைக்கும் ஊசியைத் தடுத்து நிறுத்தும் கட்டை உள்ளே இருக்கும். மேலே சொன்ன பழைய .32-களில் பலவற்றில் அது இல்லை. கல்தரையில் தவறி விழுந்தாலே வெடிக்க வாய்ப்புண்டு. அறை காலியாக இருக்கட்டும்.

தெரிஞ்சவர்கிட்ட நேரா வாங்கலாமா, கடை மூலமாத்தான் வாங்கணுமா?

நேராகவும் வாங்கலாம். ஆனால் உங்கள் உரிமம் அந்த வகை ஆயுதத்துக்கு இடம் தர வேண்டும். விற்பவர் தம் எண்ணத்தையும் உங்கள் பெயர், முகவரியையும் மாவட்ட ஆட்சியருக்கோ அருகிலுள்ள காவல் நிலையத்துக்கோ எழுத்தில் தெரிவித்து, 45 நாள் கடந்த பிறகே கைமாற்ற வேண்டும் என்று 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம் சொல்கிறது. இந்த 45 நாளை வீண் காத்திருப்பாகக் கருதாதீர்கள். மேலே சொன்ன சோதனைகளை ஒரு கைவினைஞரைக் கொண்டு செய்து முடிக்க அது போதுமான காலம்.

உரிமம் வேலூர் கலெக்டர் கொடுத்தது. இப்ப எங்க ஊர் ராணிப்பேட்டை மாவட்டம். எங்க போகணும்?

2019-இல் வேலூர் மாவட்டம் மூன்றாகப் பிரிந்த பின், அரக்கோணம், வாலாஜா, ஆற்காடு பகுதியினருக்கு ராணிப்பேட்டை ஆட்சியரும், வாணியம்பாடி, ஆம்பூர் பகுதியினருக்குத் திருப்பத்தூர் ஆட்சியருமே உரிமம் வழங்கும் அதிகாரி. பிஸ்டலுக்கு முன்பணம் கொடுப்பதற்கு முன்பே பதிவு எந்த அலுவலகத்தில் இருக்கிறது என்பதைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். வாங்கிய ஆயுதத்தை அங்கேதான் காட்டிப் பதிய வேண்டியிருக்கும்.

அப்பா வச்சிருந்த பிஸ்டல் எனக்கு வரணும். என்கிட்ட ஏற்கெனவே ரெண்டு துப்பாக்கி இருக்கு.

2019-ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பின் ஒருவர் இரண்டு துப்பாக்கிகளுக்கு மேல் வைத்திருக்கக் கூடாது. வாரிசு உரிமைக்கும் இந்த வரம்பு பொருந்தும். உங்களிடம் உள்ள ஒன்றை முறைப்படி விற்கலாம், அல்லது உடன்பிறந்தவர் ஒருவர் விண்ணப்பிக்கலாம். அதுவரை பிஸ்டலை வீட்டில் வைத்திருப்பது குற்றம். உரிமதாரர் இறந்தவுடன் தாமதமின்றிக் காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற விற்பனையாளரிடமோ ஒப்படைத்து ரசீது பெற வேண்டும். தந்தையின் பிஸ்டல் அவர் படைக்காலத்தில் வாங்கிய தடைசெய்யப்பட்ட போராக இருந்தால், நான்காவது கேள்வியில் சொன்னது இங்கும் பொருந்தும்.

தேர்தலுக்குத் தேர்தல் ஸ்டேஷன்ல ஒப்படைக்கச் சொல்றாங்க. அங்க மாசக்கணக்குல கிடந்தா நல்ல பிஸ்டல் என்ன ஆகும்?

எந்தப் பராமரிப்பும் இல்லாமல் கிடக்கும் என்று எண்ணிக்கொண்டே ஒப்படையுங்கள். குழலின் உள்ளும் புறமும் வழக்கத்தைவிடக் கெட்டியான எண்ணெய் அல்லது கிரீஸ் பூசி, எண்ணெய்க் காகிதத்தில் சுற்றி, மேகசினைக் காலியாக்கி, தோல் உறை இல்லாமல் கொடுக்க வேண்டும். ரசீதில் பிஸ்டலின் எண்ணோடு மேகசின்களின் எண்ணிக்கையும் எழுதப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். உரிமம் பெற்ற விற்பனையாளரிடம் வைக்க அனுமதி இருந்தால், வாடகை கொடுத்தாவது அங்கே வைப்பது மேல். திரும்பப் பெற்றதும் அந்தக் கிரீஸை முழுவதும் துடைத்து, குழல் தடையின்றி இருப்பதை வெளிச்சத்தில் பார்த்த பிறகே சுட வேண்டும்.